சராசரிக்கு அப்பால்: அல்லாடி இராமகிருஷ்ணனும் கணித இயற்பியலும்

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைகளையும் உருட்டாலைகளையும் நம்பி வாழும் நம் பகுதிக் குடும்பங்களில், பன்னிரண்டாம் வகுப்பை முடித்த பிள்ளைகளை அடுத்து எங்கே சேர்ப்பது என்னும் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு வினா தவறாமல் கேட்கப்படுகிறது: “கணக்கும் இயற்பியலும் படித்தால் எந்தக் கம்பெனியில் வேலை கொடுப்பான்?” இவ்வினாவில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுப்பெரிய வேண்டும்; வீட்டுக் கடன் அடைய வேண்டும். ஆயினும், கேட்டுப் பழகிய இவ்வினா, கேட்கப்பட வேண்டிய மற்றொரு வினாவை மறைத்துவிடுகிறது. அடிப்படை அறிவியல் என்பது யாருக்காக, எதற்காக? அதற்கு விடை தேடுவோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு வாழ்வு, நமக்கு அருகிலுள்ள சென்னை மாநகரிலேயே நிகழ்ந்திருக்கிறது. கணித இயற்பியலாளர் பேராசிரியர் அல்லாடி இராமகிருஷ்ணனின் வாழ்வே அது.

சட்டத்திலிருந்து இயற்பியலுக்கு

இராமகிருஷ்ணன் 1923 ஆகஸ்ட் 9ஆம் நாள் பிறந்தார். அவருடைய தந்தையார் சர் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இந்திய அரசியலமைப்புச் சட்ட வரைவுக் குழுவின் உறுப்பினராக விளங்கிய சட்ட மேதை. நெல்லூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்து, சென்னைக்கு வந்து, வழக்கறிஞர் தொழிலின் உச்சியைத் தொட்டவர். நெல்லூரிலிருந்து சென்னைக்கு வரும் நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் செல்கிறது என்பது நம் பகுதி வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லாத செய்தி.

இத்தகைய தந்தையின் மகன் சட்டம் பயில்வது இயல்பே. இராமகிருஷ்ணனும் பயின்றார். ஆனால் 1940களில் சென்னைக்கு வந்த ஹோமி பாபாவின் சொற்பொழிவு அவருடைய உள்ளத்தை வேறு திசையில் திருப்பியது. தந்தையின் தொழில் ஆயத்தமாகக் காத்திருக்க, 1947இல் பாபாவிடம் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார். பின்னர் இங்கிலாந்து சென்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் அறிஞர் எம்.எஸ். பார்ட்லெட்டின் வழிகாட்டுதலில் ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அங்கேயே தங்கிவிடாமல் தாயகம் திரும்பி, சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையில் பணியேற்றார்.

வானிலிருந்து பொழியும் துகள்கள்

அவர் எதை ஆய்ந்தார் என்பதை விளங்கிக்கொள்ளாமல் அவரைப் புகழ்வது பொருளற்றது. எனவே அதனைச் சற்று விரித்துரைப்போம்.

1912ஆம் ஆண்டில் ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறி மேலே செல்லச் செல்லக் கதிர்வீச்சு மிகுவதைக் கண்டார். விண்வெளியிலிருந்து ஆற்றல் மிக்க துகள்கள் இடையறாது பூமியை நோக்கி வருகின்றன என்னும் உண்மை இவ்வாறு புலப்பட்டது. இவையே அண்டக் கதிர்கள். இவற்றால் உண்டாகும் எலெக்ட்ரான் ஒன்று காற்றணுவின் அருகே செல்லும்போது ஃபோட்டான் என்னும் ஒளித்துகளை வெளியிடுகிறது. அந்த ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானும் ஒரு பாசிட்ரானுமாக மாறுகிறது. அவ்விரண்டும் மீண்டும் ஃபோட்டான்களை வெளியிடுகின்றன. ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, பத்துத் தலைமுறையில் ஆயிரத்தைத் தாண்டுகிறது. இந்தத் துகள் பொழிவின் கோட்பாட்டை 1937இல் பாபாவும் ஹைட்லரும் இணைந்து வகுத்தனர்.

அக்கோட்பாடு குறிப்பிட்ட ஆழத்தில் சராசரியாக எத்தனை துகள்கள் இருக்கும் என்பதைச் சொல்லிற்று. ஆனால் இயற்கை சராசரியாக நடந்துகொள்வதில்லை. முதல் துகள் சற்றுத் தாமதமாகப் பிரிந்தால், அதன் வழித்தோன்றல்கள் அனைத்தும் தாமதமாகவே தோன்றும். ஒரு பொழிவில் நூறு துகள்கள் காணப்பட, மற்றொன்றில் பத்தே காணப்படலாம். இந்த ஏற்ற இறக்கத்தை அளப்பது எப்படி என்பதே அன்று எழுந்த சிக்கல்.

சராசரி மறைப்பது என்ன?

நம் பகுதித் தொழிலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருவோம். இண்டக்‌ஷன் ஃபர்னஸ் எனப்படும் மின் உலைகள் பத்து இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றும் பாதி நேரம் ஓடுகிறது. பாதி நேரம் ஓய்ந்திருக்கிறது. ஒரு நேரத்தில் ஓடும் உலைகளின் சராசரி எண்ணிக்கை ஐந்து. இதில் ஐயமில்லை. இப்பொழுது, பத்து உலைகளும் ஒருசேர ஓடும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஓடினால் அவ்வாய்ப்பு 1024இல் ஒன்று. மாறாக, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இயக்கி, ஒரே நேரத்தில் நிறுத்தும் வழக்கம் இருந்தால் அவ்வாய்ப்பு இரண்டில் ஒன்று. இரண்டு நிலைகளிலும் சராசரி ஐந்தேதான்! ஆனால் முதல் நிலையில் அரிதாக நேர்வது, இரண்டாம் நிலையில் அன்றாட நிகழ்ச்சி. உயரழுத்த மின் இணைப்புப் பெற்ற ஆலைகள், செலவான யூனிட்டுக்கு ஒரு கட்டணமும், மேக்ஸிமம் டிமாண்ட் எனப்படும் அதிகபட்சத் தேவைக்குத் தனிக் கட்டணமும் செலுத்துவதன் காரணம் இதுவே. சராசரியை மட்டும் அறிந்தவன் நிலைமையை அறிந்தவனாக மாட்டான்.

துகள் பொழிவிலும் இதே நிலைதான். துகள்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை என்று கொண்டால், சராசரி 100ஆக இருக்கும்போது ஏறத்தாழ 10 அளவுக்கு ஏற்ற இறக்கம் இருக்கும். இது பாய்சான் விதி. துகள்கள் யாவும் ஒரே மூதாதையிலிருந்து பெருகியவை என்பதைக் கணக்கில் கொண்டு, 1937இல் ஃபர்ரி என்பார் வகுத்த எளிய விதியின்படியோ, ஏற்ற இறக்கம் ஏறத்தாழ 100! அதாவது சராசரிக்குச் சமம். ஆனால் ஃபர்ரியின் விதி துகள்களின் ஆற்றலைக் கருதவில்லை. ஆற்றல் குன்றிய துகளும் ஆற்றல் மிக்க துகளும் ஒரே விதமாகப் பெருகும் என்று அது கொண்டது. உண்மையில் பெற்றோர்த் துகளின் ஆற்றலே பிள்ளைகளுக்குப் பங்கிடப்படுகிறது. எனவே ஆற்றலையும் சேர்த்துக் கணக்கிடும் ஒரு முறை தேவைப்பட்டது.

பெருக்கல் அடர்த்தி

இங்குதான் கணிதத்தின் இடர்ப்பாடு ஒன்று குறுக்கிட்டது. ஆற்றல் என்பது ஒன்று, இரண்டு என எண்ணத்தக்கதன்று. நூலைப் போல இடைவெளியின்றித் தொடர்வது. சரியாக இன்ன ஆற்றலில் எத்தனை துகள்கள் உள்ளன என்று கேட்டால், விடை அநேகமாகச் சுழியம்தான்.

இராமகிருஷ்ணன் இதனை அணுகிய விதம் எளிமையும் ஆழமும் வாய்ந்தது. ஆற்றல் அளவுகோலை மிகமிகச் சிறிய அறைகளாகப் பகுத்துக்கொள்வோம். அறை போதிய அளவு சிறிதாயின், அதில் ஒரு துகள் இருக்கலாம், இல்லாதிருக்கலாம்; இரண்டு இருக்கும் வாய்ப்புப் புறக்கணிக்கத்தக்கது. ஆகவே அத்தகைய ஓர் அறையில் சராசரி எண்ணிக்கையும், துகள் இருக்கும் நிகழ்தகவும் ஒன்றாகிவிடுகின்றன. அடுத்து, ஓர் அறையிலும் மற்றோர் அறையிலும் ஒருங்கே துகள் இருக்கும் நிகழ்தகவைக் கேட்போம். பின்னர் மூன்று அறைகள், நான்கு அறைகள் எனத் தொடர்வோம். இவ்வாறு கிடைக்கும் அளவைகளுக்கே பெருக்கல் அடர்த்தி என்று அவர் பெயரிட்டார்.

இதனால் விளையும் பயனை ஓர் எளிய கணக்கால் உணரலாம். ஓர் அவையில் மூவர் இருக்கின்றனர். மூன்றின் வர்க்கம் ஒன்பது. இவ்வொன்பதில் மூன்று, ஒவ்வொருவரும் தம்மோடு தாமே இணைவது. எஞ்சிய ஆறு, ஒருவர் பிறரோடு இணைவது. துகள் எண்ணிக்கையின் வர்க்கத்திற்கும் இதே பகுப்புப் பொருந்தும். ஓரறை அடர்த்திகளின் கூட்டுத் தொகை முதற் பகுதியையும், ஈரறை அடர்த்திகளின் கூட்டுத் தொகை இரண்டாம் பகுதியையும் தருகின்றன. ஏற்ற இறக்கத்தை அறிவதற்கு இவ்விரண்டும் போதும். தொடர்ச்சியான ஆற்றலுக்குரிய இச்சிக்கல் இவ்வாறு கைக்குள் அடங்கியது. இராமகிருஷ்ணனின் இக்கட்டுரை 1950இல் கேம்பிரிட்ஜ் தத்துவக் கழக நடவடிக்கை இதழில் வெளிவந்தது. அதே ஆண்டில் பாபாவும் இதே சிக்கலைத் தீர்க்கும் தம் முறையைத் தனியே வெளியிட்டார். எனவே இம்முறையைப் பேசுவோர் இருவர் பெயரையும் இணைத்தே பேசுவர்.

ஹதீஸ் கலை பயின்ற நம் வாசகர்களுக்கு இதன் உட்கருத்து அயலானதன்று. நிய்யத் பற்றிய புகழ்பெற்ற நபிமொழியை எடுத்துக்கொள்வோம். ஸஹீஹுல் புகாரியின் தொடக்கத்தில் இடம்பெறும் அந்த ஹதீஸை உமர் (ரலி) அவர்களிடமிருந்து அல்கமாவும், அவரிடமிருந்து முஹம்மத் இப்னு இப்ராஹீம் அத்தைமீயும், அவரிடமிருந்து யஹ்யா இப்னு ஸயீத் அல்அன்ஸாரீயும் அறிவிக்கின்றனர். யஹ்யாவிடமிருந்து அதனைக் கேட்டு அறிவித்தவர்களோ மிகப் பலர். அப்பலரின் எண்ணிக்கையை மட்டும் கண்டு, இதனை முதவாத்திர் என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் சொல்லிவிடவில்லை. அனைவரும் ஒரே ஆசிரியரில் சென்று சேர்வதால், அவர்கள் ஒருவருக்கொருவர் தொடர்பற்ற தனித்தனிச் சான்றுகள் ஆகமாட்டார்கள் என்று நுணுகி நோக்கினர். அந்த ஹதீஸ் ஐயத்திற்கிடமின்றி ஸஹீஹானதே. அதன் அறிவிப்பாளர் தொடரின் தன்மையை எவ்வாறு வகைப்படுத்துவது என்பதே இங்கு வினா. எத்தனை பேர் என்பதோடு, அவர்கள் எங்கிருந்து கிளைத்தனர் என்றும் கேட்பது அவ்வல்லுநர்களின் மரபு. துகள்களைப் பற்றி இராமகிருஷ்ணன் கேட்டதும் அதுவே. அவர் அதற்குச் சமன்பாடுகளில் விடை கண்டார்.

இம்முறை துகள் பொழிவோடு நின்றுவிடவில்லை. இராமகிருஷ்ணனே இதனை விண்மீன்களின் புள்ளியியலுக்குப் பயன்படுத்தி, அஸ்ட்ரோஃபிசிக்கல் ஜர்னல் இதழில் எழுதினார். அவருடைய மாணவர் எஸ்.கே. ஸ்ரீனிவாசன் பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் பணியாற்றி, காத்திருப்பு வரிசைகள், இயந்திரங்களின் நம்பகத்தன்மை ஆகியவை குறித்த ஆய்வுகளில் இத்துறையை வளர்த்தார். சரக்கு லாரி எடைமேடையில் எத்தனை நிமிடம் நிற்கும், பழுதாகும் இயந்திரத்திற்கு எத்தனை மாற்று உறுப்புகள் இருப்பில் வேண்டும் என்னும் வினாக்கள் இவ்வகைக் கணிதத்தின் எல்லைக்குள் வருபவையே. வானத்துத் துகளைப் பற்றிக் கேட்ட வினா, ஆலை வாயிலுக்கு வந்து சேர்ந்த வழி இது.

இல்லம் கல்விக்கூடமானது

1957–58ஆம் ஆண்டில் இராமகிருஷ்ணன் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனத்தில் தங்கியிருந்தார். அதன் தலைவராக விளங்கியவர் ராபர்ட் ஓப்பன்ஹைமர். உலகின் முன்னணி அறிஞர்கள் கூடி, தடையின்றி வினவி, தடையின்றி மறுக்கும் அவைகளை அங்கே அவர் கண்டார். அத்தகைய ஓர் அவை சென்னையில் ஏன் இருக்கக்கூடாது என்னும் ஏக்கத்தோடு திரும்பினார்.

கட்டடம் இல்லை; நிதியும் இல்லை. இருந்தது மயிலாப்பூரில் தந்தையார் விட்டுச் சென்ற ‘ஏகாம்ர நிவாஸ்’ இல்லம் மட்டுமே. அங்கேயே கோட்பாட்டு இயற்பியல் கருத்தரங்கைத் தொடங்கினார். மாணவர்கள் கூடினர், கரும்பலகை வந்தது, சென்னை வழியே செல்லும் அயல்நாட்டு அறிஞர்கள் அழைக்கப்பட்டனர். நம் முன்னோரின் இல்ம் மஜ்லிஸ்கள் பலவும் இவ்வாறே வீட்டுத் திண்ணையிலும் பள்ளிவாசல் தூணடியிலும் தோன்றியவை என்பதை வாசகர்கள் நினைவுகூரலாம். அம்மாணவர் குழாத்தில் டி.கே. ராதா, ஜி. பாமதி ஆகிய பெண்களும் இருந்தனர் என்பது தனித்துக் குறிப்பிடத்தக்கது. ராதா பின்னர் 1965–66இல் பிரின்ஸ்டன் நிறுவனத்திற்கே அழைக்கப்பட்டார்.

1960 ஜனவரியில் அணு அறிவியலின் முதுபெரும் மேதை நீல்ஸ் போர் இந்தியாவிற்கு வந்தபோது, இச்சிறு குழுவைக் கண்டு பெரிதும் மகிழ்ந்தார். அம்மகிழ்ச்சியைச் செய்தியாளர்களிடமும் வெளியிட்டார். அன்றைய சென்னை மாகாணக் கல்வி அமைச்சர் சி. சுப்பிரமணியம் இம்முயற்சிக்கு ஆதரவாக நின்றார். 1961 அக்டோபரில் பிரதமர் நேரு சென்னை வந்தபோது, மாணவர்கள் அவரை நேரில் சந்தித்தனர். இவற்றின் விளைவாக, 1962 ஜனவரி 3ஆம் நாள் கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. சென்னையில் கல்வி பயின்று உலகப் புகழ் பெற்ற வானியற்பியலாளர் எஸ். சந்திரசேகர் தொடக்க விழாவில் கலந்து சிறப்பித்தார். மேட்சயன்ஸ் என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட அந்நிறுவனத்தின் முதல் இயக்குநராக இராமகிருஷ்ணன் 1983 வரை பணியாற்றினார். தரமணியில் இன்று அணுசக்தித் துறையின் ஆதரவோடு இயங்குவது அந்நிறுவனமே.

இதே காலத்தில் மற்றோர் அறிஞரின் வாழ்வையும் ஒப்பிட்டு நோக்குவது பயனுடையது. ஜங் நகரில் வளர்ந்த அப்துஸ் ஸலாம், கேம்பிரிட்ஜில் பயின்றபின் 1951இல் லாகூருக்குத் திரும்பினார். ஆய்வைப் பகிர்ந்துகொள்ள ஒருவருமற்ற தனிமை அவரை வாட்டியது. 1954இல் மீண்டும் இங்கிலாந்து சென்றார். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். வளரும் நாடுகளின் அறிஞர்களுக்குத் தம்முடைய தனிமை நேரக்கூடாது என்றே 1964இல் இத்தாலியின் டிரியெஸ்ட் நகரில் பன்னாட்டு மையம் ஒன்றை நிறுவினார். ஒருவர் வெளியே சென்று வாயிலைத் திறந்தார். மற்றவர் உள்ளே இருந்து திறந்தார். தனித்த அறிவு வாடும், கூடிய அறிவு தழைக்கும் என்னும் உண்மையை இருவருமே கண்டிருந்தனர்.

அணிகளின் இலக்கணம்

1960களின் பிற்பகுதியில் இராமகிருஷ்ணனின் நாட்டம் வேறொரு துறைக்குச் சென்றது. எண்களை வரிசையிலும் நிரலிலும் அடுக்கிய அமைப்பைக் கணிதத்தில் அணி என்பர். எலெக்ட்ரானின் இயல்பை விளக்க 1928இல் டிராக் என்னும் அறிஞர் நான்கு வரிசை கொண்ட அணிகளைக் கையாண்டார். அதற்கு முன்பே பாலி என்பார் இரண்டு வரிசை கொண்ட மூன்று அணிகளைத் தந்திருந்தார். இவ்வணிகளின் சிறப்பு யாதெனில், ஒவ்வொன்றையும் ஓர் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, அக்கூட்டுத் தொகையை வர்க்கப்படுத்தினால், குறுக்கே வரும் உறுப்புகள் அனைத்தும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எஞ்சுவது அவ்வெண்களின் வர்க்கங்களின் கூட்டுத் தொகை மட்டுமே.

பாலியின் மூன்று அணிகளிலிருந்து நான்கு வரிசை கொண்ட ஐந்து அணிகளையும், அவற்றிலிருந்து எட்டு வரிசை கொண்ட ஏழு அணிகளையும், இவ்வாறே மேன்மேலும் முறைப்படி ஆக்கிச் செல்லும் வழியை இராமகிருஷ்ணன் ஒழுங்குபடுத்தினார். வர்க்கத்திற்கு மட்டுமன்றி மூன்றாம் படி, நான்காம் படி முதலியவற்றிற்கும் இதனைத் தம் மாணவர்களோடு விரிவாக்கினார். 1972இல் வெளிவந்த அவருடைய நூல் எல்-அணிக் கோட்பாடு பற்றியது. அதன் தலைப்பிலேயே டிராக் அணிகளின் ‘இலக்கணம்’ என்னும் சொல் இடம்பெற்றிருந்தது. ஸர்ஃபுக் கலையில் மூன்று மூல எழுத்துகளிலிருந்து விதி வழுவாமல் சொற்கள் கிளைப்பதைக் கற்பிக்கும் நமக்கு, அந்தச் சொல்லின் பொருத்தம் உடனே புலனாகிறது.

நமக்குரிய படிப்பினை

இராமகிருஷ்ணன் 2008 ஜூன் 7ஆம் நாள் அமெரிக்காவில் காலமானார். அவருடைய வாழ்வை எண்ணும்போது, ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் செல்வமும் செல்வாக்கும் உடைய குடும்பத்தில் பிறந்தவர். தொழிலை விட்டுவிட்டு ஆய்வுக்குச் செல்லும் துணிவு, பசியறியாத வீட்டில் எளிதாக வரும். ஷிஃப்ட் முடிந்து வரும் தந்தையின் கூலியில் படிக்கும் பிள்ளையிடம் “நீயும் அவ்வாறு துணிந்து செல்” என்று சொல்வது நியாயமாகாது.

ஆனால் அவருடைய சிறப்பு அத்துணிவில் மட்டும் இல்லை. தமக்குக் கிடைத்த வாய்ப்பைத் தமக்குள் பூட்டி வைக்காமல், வீட்டுக் கூடத்தைப் பிறருக்குத் திறந்துவிட்டதிலும், பின்பு அதனைத் தம் குடும்பத்தைச் சாராத பொது நிறுவனமாக ஆக்கியதிலும் இருக்கிறது. ஏகாம்ர நிவாஸ் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கணித அறிவியல் நிறுவனம் தகுதியுள்ள எவருக்கும் உரியது. பொருளைக் கல்விக்கென வக்ஃபு செய்த முன்னோரின் வழிவந்த நாம் இதன் அருமையை உணர்வதற்குக் கடமைப்பட்டவர்கள்.

நம் பகுதியில் பொருள் படைத்தோர் திருமண மண்டபங்கள் கட்டுகின்றனர், தவறில்லை. அம்மண்டபங்களில் ஒன்று, வாரத்தில் ஒரு மாலை, கரும்பலகையோடு மாணவர்களுக்குத் திறக்கப்படட்டும். கணிதம் கற்பிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் நம்மிடையே இருக்கின்றனர். ஃபராயிள் பாகப்பிரிவினைக் கணக்கைப் பிழையின்றிச் செய்யும் மத்ரஸா மாணவனுக்குப் பின்னங்கள் அந்நியமல்ல. தொழிற்சாலைக்குச் செல்ல விரும்பும் பிள்ளை செல்லட்டும். மின்கட்டணப் பட்டியலில் அதிகபட்சத் தேவைக்கு ஏன் தனிவரி போடப்பட்டிருக்கிறது என்று கேட்டு, அதற்குப் பின்னுள்ள கணக்கைத் தேடிச் செல்லும் பிள்ளை ஒருவன் அல்லது ஒருத்தி நம்மிடையே தோன்றினால், அப்பிள்ளையை வீட்டுப் பாட்டைச் சொல்லித் தடுத்துவிடாமல், படிப்புச் செலவை ஊரே ஏற்று அனுப்பிவைப்பது நம்மால் இயலக்கூடியதே. கும்மிடிப்பூண்டியில் காலையில் மின்தொடர் வண்டி ஏறுபவர், நண்பகலுக்கு முன்பே தரமணியை அடைந்துவிடலாம்.